ஆள் நிற்கணுமா? முதலில் அவங்க கஷ்டத்தைக் கவனி!

தங்கச்சி, பாண்டி நேரு வீதி ஜவுளிக்கடையில் உன்னை முதல் மாடிக்கு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் போனில் நீ முதலில் கேட்டது, "அக்கா, பொண்ணுங்க மூணு மாசம் கூட நிக்க மாட்டேங்குதுங்க. எப்படிக்கா நிக்க வைக்கிறது?" என்றுதான். ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸில் ஹவுஸ் கீப்பிங் பெண்களோடு பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடமோ, நர்சிங் ஹோமோ, தட்டாஞ்சாவடி எஸ்டேட் கம்பெனியோ, நாலு பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கிற எல்லாத் தங்கச்சிகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஆள் நிற்பதில் மூன்று விதம் உண்டு. மனசு ஒட்டி நிற்பது ஒன்று. வேறு போக்கிடம் இல்லாமல் நிற்பது இன்னொன்று. 'விட்டுட்டுப் போனா நல்லா இருக்காதே' என்று கடமைக்காக நிற்பது மூன்றாவது. கனடாவைச் சேர்ந்த மேயர், ஆலன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் இப்படிப் பிரித்துச் சொன்னார்கள். உன் மாடியில் பத்து நிமிஷம் ஓரமாக நின்று பார்த்தாலே மூன்றும் தெரியும். மனசு ஒட்டியவள், கஸ்டமர் கேட்ட கலர் இல்லை என்றால் குடோனுக்கு ஓடித் தேடிக்கொண்டு வருவாள். போக்கிடம் இல்லாதவள் "ஸ்டாக் இல்ல" என்று அங்கேயே சொல்லிவிடுவாள். சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அந்த மனசு எப்போது ஒட்டுகிறது? தீபாவளி போனஸ் அன்றைக்கு இல்லை. அவள் வாழ்க்கையில் ஒரு கெட்ட நாள் வரும். குழந்தைக்கு டெங்கு, அப்பாவுக்கு நெஞ்சுவலி, வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்தது என்று ஏதோ ஒன்று. அன்றைக்கு வேலை செய்கிற இடம் அவளிடம் எப்படி நடந்துகொண்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவமனை ஊழியர்களிடம் விசாரித்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது. லில்லியஸ், வோர்லைன், டட்டன் முதலானோர் செய்தது அது. கஷ்டத்தில் தனக்குப் பரிவு கிடைத்தது என்று சொன்னவர்களிடம்தான் அந்த நிறுவனத்தின் மேல் பாசமும் கூடுதலாக இருந்தது. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

எங்களிடம் ஓர் அம்மா இருந்தார். முத்தியால்பேட்டையிலிருந்து வருவார். அவர் படுக்கை விரித்தால் நாலு மூலையும் கவர் மடித்த மாதிரி கச்சிதமாக இருக்கும். ஒரு வாரம் மூலைகள் தொங்க ஆரம்பித்தன. இரண்டு ரூமில் சோப்பு வைக்க மறந்திருந்தார். தினமும் தலையில் பூ வைத்து வருகிறவர், மூன்று நாளாகப் பூ இல்லாமல் வந்தார். கெஸ்ட் கம்ப்ளெயின்ட் எழுதியதும் அவரைக் கூப்பிட்டு சத்தம் போடலாமா என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால், பின்பக்கம் அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் நானும் அவரோடு உட்கார்ந்து டவலைத் தனியாக, பெட்ஷீட்டைத் தனியாகப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜிப்மரில் டயாலிசிஸ், யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவருக்கு மதியம் 2 மணிக்கு மேல் ஷிப்ட் என்று டியூட்டி நோட்டில் பேனாவால் எழுதினோம். காலையில் அவர் பார்க்கிற ரூம்களை மற்ற மூன்று பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். ஓனரிடம் பேசி சம்பளம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டோம். கோரிமேட்டுப் பக்கம் வீடு இருக்கிற வாட்ச்மேன், நைட் டியூட்டி முடிந்து போகும்போது ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு வைத்தார். அவ்வளவுதான். பிறகு பக்கத்து ஹோட்டலில் மாசம் 2,000 ரூபாய் கூடத் தருவதாகக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "அங்க போனா என் செவ்வாய்க்கிழமையை யாருக்கா தருவாங்க?" என்று கேட்டார்.

கேட்கிற விதம்

கஷ்டத்தில் இருக்கிறவள் தானாக வந்து சொல்ல மாட்டாள். நீதான் கவனிக்க வேண்டும். எப்போதும் நேரத்துக்கு வருகிறவள் தாமதமாக வருவது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடுவது, போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடுவது, பில் கூட்டலில் தப்பு வருவது, இதெல்லாம் அடையாளம். கண்டால் நாலு பேர் நடுவில், "ஏன் மூஞ்சி தொங்குது?" என்று கேட்காதே. உன் எதிரில் நிற்க வைத்தும் கேட்காதே. துணி மடித்துக்கொண்டோ, டீ குடித்துக்கொண்டோ, பக்கத்தில் உட்கார்ந்து கேள். எதிரும் புதிருமாக நின்றால் அது விசாரணையாகிவிடும்.

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால் நம்ம ஊரில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "பரவாயில்லக்கா, ஒண்ணும் வேணாம்" என்றுதான் வரும். அதனால் செய்யப்போவதை நீயே சொல்லிவிடு. "நாளைக்குக் காலைல நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, உன் கவுண்டரை நான் பாத்துக்கறேன், சாயந்திரம் வந்தா போதும்." இதில் அவள் கேட்க வேண்டியது எதுவும் இல்லை, கூச்சப்படவும் எதுவும் இல்லை.

அவள் சொன்னது உன்னோடு நிற்கட்டும். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் "பாவம், இவங்க குடும்பத்துக்குப் பிரார்த்தனை செய்வோம்" என்று போடுவது உதவி ஆகாது. வீட்டில் அடி வாங்கி வருகிறவள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணை அவளிடம் தனியாகக் கொடு. போன் செய்ய ஒரு தனி இடமும் பத்து நிமிஷமும் கொடு. மீதியை அவள் முடிவு செய்யட்டும்.

சந்தேகம்தான் பெரிய எதிரி

பரிவு பல இடங்களில் முளைக்காமல் போவதற்குக் காரணம் கல்நெஞ்சு இல்லை, சந்தேகம். "போன வருஷம்தானே பாட்டி செத்துச்சு, எத்தனை பாட்டி இவளுக்கு?" என்று நம்ம சூப்பர்வைசர்கள் கேட்காத கடையே கிடையாது. நம்ம குடும்பங்களில் பாட்டியோடு பிறந்தவளும் பாட்டிதான், தாத்தாவின் தம்பி மனைவியும் பாட்டிதான். பெரியம்மா வளர்த்த பிள்ளைக்குப் பெரியம்மாதான் அம்மா. ரத்த உறவுப் பட்டியலை வைத்து துக்கத்தை அளக்கிற லீவு விதியை எழுதியவர்கள் நம்ம வீடுகளைப் பார்த்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

பத்துப் பேரில் ஒருத்தி பொய் சொல்லத்தான் செய்வாள். அவளைப் பிடிப்பதற்காக மற்ற ஒன்பது பேரிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டால், ஒன்பது பேரின் மனசும் அன்றைக்கே போய்விடும். நீ நம்பி ஏமாந்தால் கடைக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். நம்பாமல் இருந்துவிட்டு அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தால், அதை ஈடுகட்ட எந்தப் போனஸாலும் முடியாது.

சாவு வீட்டுக்குப் போ

இதை எல்லாவற்றுக்கும் மேலே சொல்வேன். நம்ம மக்கள் கல்யாணத்துக்கு வராதவரை மன்னிப்பார்கள், சாவுக்கு வராதவரை மறக்க மாட்டார்கள். உன் மாடியில் ஒரு பெண்ணின் வீட்டில் சாவு என்றால் நீ நேரில் போ. முடிந்தால் முதலாளியையும் ஒரு நடை வரச் சொல். மாலை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். அவள் குப்பத்துச் சனம் முன்னால் 'இவ வேலை செய்யற கடையிலிருந்து வந்திருக்காங்க' என்ற மரியாதை அவளுக்குக் கிடைக்கும். கையில் செலவுக்குக் கொடுப்பதாக இருந்தால் கவரில் வைத்து வீட்டுப் பெரியவர் கையில் கொடு. படம் எடுக்காதே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வருகிறவளை முதல் நாளே கூட்டமான செக்‌ஷனில் போடாதே. முகூர்த்தப் பட்டு செக்‌ஷனில் புருஷனை இழந்தவளை நிறுத்தலாமா என்று யாராவது முணுமுணுத்தால், அந்தப் பேச்சை அங்கேயே வெட்டு. எங்கே நிற்க வேண்டும் என்பதை அவளிடம் கேட்டு முடிவு செய்.

பணத்தில் பரிவு எது, கண்ணி எது

அட்வான்ஸ் கொடுப்பதை நம்ம ஊரில் பெரிய மனசு என்று நினைக்கிறோம். 30,000 ரூபாய் கொடுத்துவிட்டு, "கடன் அடையற வரைக்கும் வேற கடைக்குப் போகக் கூடாது" என்று சொன்னால், நான் முதலில் சொன்னேனே, போக்கிடம் இல்லாமல் நிற்கிற இரண்டாவது வகை, அதைத்தான் நீ உருவாக்குகிறாய். அவள் நிற்பாள். ஆனால் குடோனுக்கு ஓட மாட்டாள். கடன் கொடுத்தால் வட்டி இல்லாமல், சின்னத் தவணையில், வேலையை விட்டுப் போனாலும் கட்டலாம் என்று எழுதிக் கொடு. இல்லையென்றால் கொடுக்காமல் இருப்பது மேல்.

கையிலிருந்து கொடுப்பதைவிட, அவளுக்கு உரிமையாக வர வேண்டியதை வாங்கிக் கொடுப்பதில்தான் உன் திறமை இருக்கிறது. இஎஸ்ஐ காப்பீட்டை எடுத்துக்கொள். மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். அவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு முடியாமல் போனால், சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இறந்துபோனால் இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. கோரிமேட்டில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கிறது. இருந்தும் டைபாய்டு வந்த பெண் தனியார் ஆஸ்பத்திரியில் தோடு அடகு வைத்து பில் கட்டுகிறாள். ஏன்? அவள் கையில் அட்டை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இன்னொன்று, பெண்களுக்கே தெரியாத சட்டம். பேறுகால விடுப்பு 26 வாரம் என்பது 2017லிருந்து எல்லாருக்கும் தெரியும். கரு கலைந்து போனால் சம்பளத்தோடு 6 வார விடுப்பு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1961ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே இருக்கிற உரிமை அது. மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து, வெளியில் சொல்லாமல், நாலாம் நாள் வந்து ஒன்பது மணி நேரம் கவுண்டரில் நிற்கிற பெண்கள் நம்ம கடைகளில் இருக்கிறார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு இந்த ஆறு வாரத்தை நீ வாங்கிக் கொடுத்தால், அந்தக் கடையை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

நாற்காலி விஷயமும் இதில்தான் சேரும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது தமிழ்நாட்டுக்கான சட்டம். பாண்டியில் அதைச் சொல்லி உன் முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார மாடிக்கு நாலு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் எதற்கு? நீயே கேட்டு வாங்கு. கழிப்பறைக்குப் போய்வர யாரிடமும் டோக்கன் வாங்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிடு.

ஒருத்திக்குச் செய்தால் எல்லாருக்கும்

உனக்குப் பிடித்தவளுக்கு மட்டும் லீவு கிடைத்தால் அது பரிவு இல்லை, சலுகை. மற்றவர்கள் மனசில் அது விஷமாக இறங்கும். செவ்வாய்க்கிழமை ஷிப்டை மாற்றிக் கொடுத்தோமே, அன்றே எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு ஷிப்ட் மாற்றம்' என்று எழுதி வைத்தோம். அடுத்தவள் வந்து கெஞ்ச வேண்டியதில்லை.

திருவிழா லீவையும் இப்படி முன்கூட்டியே எழுது. உன் கடைக்கு ஆடித் தள்ளுபடி உச்சத்தில் இருக்கும்போதுதான் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் வரும், ஆடி ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிற தேர். வீராம்பட்டினத்துப் பெண்ணிடம் போய் அன்றைக்கு லீவு இல்லை என்று சொன்னால் அவள் உன் கடையில் எப்படி இருப்பாள்? அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு அந்த வெள்ளி, வைத்திக்குப்பத்துப் பெண்ணுக்கு மாசி மகம், வில்லியனூர் மாதா கோயில் தேருக்கு ஒருத்திக்கு, ரம்ஜானுக்கு ஒருத்திக்கு என்று வருஷ ஆரம்பத்திலேயே பேர் போட்டு வை. ஒருத்தி இல்லாத அன்றைக்கு மற்றவள் தாங்குவாள்.

புதுச்சேரி அரசு 2023இல் தன் பெண் ஊழியர்களுக்கு மாசத்தில் 3 வெள்ளிக்கிழமை காலை 9 முதல் 11 வரை பூஜைக்காக நேரச் சலுகை கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒரே மாதிரி தேவைப்படாது. அந்த இரண்டு மணி நேரம் எப்போது வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்பது என் கட்சி.

உரிமையைக் கொடுத்துவிட்டுப் பாசத்தைப் பேசு

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டு, ஓவர்டைம் காசு கேட்டால் முகம் சுளிக்கிற முதலாளிகளை நீயும் பார்த்திருப்பாய். இந்த ஊருக்கு அந்தப் பேச்சு எடுபடாது. நம்ம ஊர் வரலாறு அப்படி. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்த ஊர் இது. வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மேல் 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டார்கள். 12 பேர் செத்துப்போனார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1937இல் எட்டு மணி நேர வேலைக்கு இங்கே சட்டம் வந்தது. இன்றைக்கும் ஜூலை 30 வந்தால் தொழிற்சங்கத்தார் மாலை போடுகிறார்கள். எட்டு மணி நேரம் என்பது இந்த மண்ணில் உயிர் கொடுத்து வாங்கியது. அதைப் பிடுங்கிக்கொண்டு பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் யாருக்கு மனசு ஒட்டும்? சம்பளம் தேதிக்கு வர வேண்டும், வேலை நேரம் சரியாக இருக்க வேண்டும், பிஎஃப் கட்ட வேண்டும். பரிவு இதற்கெல்லாம் மேலே வருவது.

பெரிய பெரிய பரிசு கொடுத்தால்தான் ஆள் நிற்கும் என்று நினைத்தும் மலைக்காதே. சென்னை ஐடி கம்பெனி ஒன்று 2022இல் 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது பேப்பரில் வந்தது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். ஆனால் 2008 நவம்பர் 26 அன்று மும்பை தாஜ் ஹோட்டலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, தப்பி ஓடாமல் விருந்தினர்களைக் காப்பாற்ற நின்ற ஊழியர்களை நினைத்துப் பார். 11 ஊழியர்கள் உயிரை விட்டார்கள். ரோஹித் தேஷ்பாண்டே என்ற பேராசிரியர் பிறகு இதை ஆராய்ந்து எழுதினார். சின்ன ஊர்களிலிருந்து நல்ல குணம் பார்த்து ஆள் எடுப்பது, பொறுமையாக நீண்ட காலம் பழக்குவது, நல்லது செய்தால் அன்றைக்கே பாராட்டுவது, இதுபோன்ற அன்றாட வழக்கங்களைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். சம்பவத்துக்குப் பிறகு ரத்தன் டாடா இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார். மறு மாசமே பாதிக்கப்பட்டவர்களுக்காக அறக்கட்டளை வந்தது. நான் சாவு வீட்டுக்குப் போ என்று சொன்னேனே, அவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவரும் அதைத்தான் செய்தார்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. செய்ததைச் சொல்லிக்காட்டாதே. "உங்க அம்மா ஆப்பரேஷனுக்கு நான் லீவு கொடுத்தேனே, இப்ப சண்டே வர மாட்டியா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், கொடுத்த லீவு கடனாக மாறிவிடும், ஒட்டிய மனசு உரிந்துவிடும். அவள் நன்றி காட்டவில்லை என்றாலும் விட்டுவிடு. நல்லது செய்தும் சிலர் வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும், சிரித்த முகமாக அனுப்பு. மற்றவர்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இரண்டாவது, எல்லார் கண்ணீரையும் நீ ஒருத்தியே சுமக்காதே. மாடியில் விவரமான சீனியர் பெண் ஒருத்தியைக் கூடச் சேர்த்துக்கொள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், ரொம்ப அவசரம் என்று முன்பே சொல்லி வைத்தவர்கள் தவிர, வேறு போனை எடுக்காதே. உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உனக்கும் உடம்பு முடியாத நாள் வரும். அன்றைக்கு முதலாளியிடம் நீயும் வாய் திறந்து கேள்.

இந்த மாசச் சம்பளத் தேதிக்குள் ஒரு வேலையை முடித்துவிடு, தங்கச்சி. உன் மாடியில் எத்தனை பேர் கையில் இஎஸ்ஐ அட்டை இருக்கிறது என்று பேர் பேராகக் கேட்டு எழுது. இல்லாதவர்கள் பட்டியலைக் கொண்டுபோய் அக்கவுன்ட்ஸில் கொடுத்து, அட்டை கைக்கு வருகிற வரைக்கும் விடாமல் கேட்டு வாங்கிக் கொடு.